காது எண்

ஹெப்பால் அலுவலகம், மூன்றாம் மாடி.
மின்விசிறிக்குப் பறக்காமலிருக்க
படிவங்களின் மேல் என் டிபன் பாக்ஸ்.

நோயில் செத்த மாடுகளுக்கு அவசர நிவாரணம்.
தட்டச்சு செய்பவன் நான். தினக்கூலி.
ஒரு மாட்டுக்கு நான்கு நிமிடம்.

பண்ணையின் சர்வே எண் என்றொரு கட்டம்.
காலியாக விட்டால் அடுத்த பக்கம் திறக்காது.
லிங்கராஜபுரம் மேம்பாலத்துக்குக் கீழே
தூணில் கட்டியிருந்த மாட்டுக்கு
ஏது சர்வே எண்?
"தூணுல ஒரு நம்பர் போட்டுக்கீதே, அத்த எழுதேன்"
என்றார் மதலேனம்மா.
எழுதினேன். திறந்தது.

அடுத்து, புகைப்படம்.
மாட்டின் காதும் உரிமையாளர் முகமும்
ஒன்றாகத் தெரிய வேண்டும்.
உடம்பெல்லாம் கட்டியாய்ப் பூசணி கிடக்க
பக்கத்தில் அவர்
முந்தானையைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

நாற்பத்தோராம் நாள் பணம் ஏறியது, பதினெட்டாயிரம்.
எதற்கோ வங்கி முன்னூறு பிடித்தது.

பிறகு ஒரு சனிக்கிழமை போனை நீட்டினார்.
செத்த பூசணிக்குத் தடுப்பூசி போடும் தேதி
குறுஞ்செய்தியில் வந்திருந்தது.
முகாமுக்குக் கூட்டிப்போன ஸ்டெல்லாவுக்கு
ஊசி இல்லையென்று சொல்லிவிட்டார்களாம்.
"இது செத்துடுச்சுன்னு டாக்டர் சொல்றாரு.
அது அவரு பையை மோந்துகினு நிக்குது."

தாளை எடுத்துப் பார்த்தேன்.
இரண்டுக்கும் ஒரே நாளில்
ஒரே பொட்டலத்திலிருந்து எடுத்துக் குத்தியவை.
பன்னிரண்டு இலக்கத்தில் கடைசி மட்டும்
ஒன்று, ஏழு.
ஒன்றுக்குத் தொப்பி போட்டால் ஏழு.
போட்டது நான்.

"திருத்த மனு கொடுக்கலாம்மா.
ஆனா அந்தப் பணத்தை
முதல்ல திருப்பிக் கட்டச் சொல்லுவாங்க."

தீவனக் கடைக்குப் பதினோராயிரம்,
மருந்துக்கடை பாக்கி,
மாட்டைத் தூக்கிப்போன லாரிக்காரனுக்கு
என்று விரல் மடக்கிக்கொண்டே வந்தவர்
பாதியில் நிறுத்தினார்.

"பூசணியோட தோடு வூட்டாண்ட கீது.
தூக்கறதுக்கு முன்னால அறுத்து வச்சேன்."

எனக்குப் புரியக் கொஞ்ச நேரமானது.
மஞ்சள் பிளாஸ்டிக் தோடு.
எண் எழுதிய தோடு.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
திரையில் சர்வர் சுற்றிக்கொண்டிருந்தது,
அதையே பார்த்தேன்.

போன வாரம் அந்தப் பக்கம் போனேன்.
காதில் செப்புக் கம்பி சுற்றிய தோடு,
கீழே யாரோ கொட்டிய முட்டைக்கோஸ் இலை.
ஊசி போட்ட இடத்தில்
இன்னும் ஒரு சின்ன வீக்கம்.

"பூசணி" என்று கூப்பிட்டேன்.
மென்றுகொண்டிருந்தது.
இன்னொரு முறை, சத்தமாக.
வால் ஈயைத்தான் விரட்டியது.

பாலத்தின் மேல் லாரி போகும்வரை காத்திருந்து
குரலைத் தாழ்த்தி
"ஸ்டெல்லா" என்றேன்.

வாயிலிருந்து இலை விழத் திரும்பியது.
யார் காதிலாவது விழுந்திருக்குமோ என்று
சுற்றிலும் பார்த்தேன்.
தூணில் எண் மட்டும் இருந்தது.