மறைந்த கோப்புகள்

மல்லாவிச் சந்தியில் என் போட்டோக்கொப்பிக் கடை.
மூன்று மணிக்கு
சி டிரைவ் சிவப்பாகி, மெசின் நின்றுவிட்டது.
வெளியே மானியப் படிவத்தோடு ஏழு பேர்.

'மறைந்தவற்றைக் காட்டு' பெட்டிக்குச்
சரி போட்டேன்.
வெளிறின மஞ்சளில் எழும்பி வந்தன
நான் வைக்காத கோப்புறைகள்.

ஆறு வருசம் முகமாலையில்
மண்ணுக்குள் மறைத்ததை எடுத்தவள் நான்,
முழங்காலில் நின்று,
ஒரு நாளைக்கு ஒரு பாய் அகலம்.
அந்தப் பழக்கம்,
விரல் மவுஸில் அழுத்த மறுக்கிறது.

பதினொரு ஜிபி.
உர விலை, சோதனை முடிவு, கட்டார் வேலை,
யாரோ மூன்று தரம் பார்த்த
கர்ப்பப்பையின் படம்,
பாதி இறங்கின ஒரு கலியாண வீடு.
பிரவுசர் ஒருவரிடமும் கேளாமல்
எடுத்து வைத்தவை.

"கெதியா அழி பிள்ளை, பஸ் போயிடும்,"
கனகசூரியர் கதவில் தட்டுகிறார்.

எல்லாம் தெரிவு.
மூச்சைப் பிடித்து
அழி.

கடதாசி கசங்கின சத்தம். அவ்வளவுதான்.

சிவப்புக் கோடு நீலமாச்சு.
அங்கே என்றால் வெள்ளைத்தடி ஊன்றுவோம்,
இனி நடக்கலாம் என்று.
இது நாளையே திரும்ப நிறையும்.

முழங்காலைத் தடவிக்கொண்டு
அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.