காம்பு

இன்று வெள்ளிக்கிழமை. பெண்கள் சங்கத்தில்
நான்தான் செய்தி கொடுக்க வேண்டும்.
‘தோட்டம் கற்றுத் தந்த பாடம்’ என்று
செயலாளர் அக்கா தலைப்பையும் எழுதிவிட்டாள்.
என் தோட்டமோ
தொரப்பாடியில், துணி துவைக்கும் கல்லுக்குப் பின்னால்
ஐந்தடிக்கு எட்டடி.
எட்டு நாளைக்கு ஒருமுறை குழாய்த் தண்ணீர்,
மற்ற நாளெல்லாம் அரிசி கழுவியதும் கீரை அலசியதும்.

இருப்பது ஆறு செடி.
இலவம்பாடி முள்ளுக்கத்திரி.
டிப்போவில் கூட வேலை செய்கிறவரிடம் கேட்டு
ஈரத்துணியில் சுற்றித்
தேவவரம் கொண்டுவந்த நாற்று.

முதல் காய் பறித்த அன்று
கெசியா காம்பைத் தொட்டு விரலை உதறினாள்.
“அம்மா, இது முள்முடி போட்டிருக்கு.”
விளையாட்டுக்கும் அப்படிச் சொல்லாதே என்று அதட்டினேன்.
விரலில் ஒரு சொட்டு.
வாயில் வைத்துக்கொண்டாள்.

பிறகு புழு வந்தது.
குருத்தெல்லாம் தலை தொங்கியது,
காய்க்குள் கறுப்பாய் ஒரு சுரங்கம்.
வேப்பெண்ணெய் தெளித்தேன், சாம்பல் தூவினேன்,
குடும்ப ஜெபத்தில் கண்ணை மூடினால்
செடிதான் தெரிந்தது.
“புழுவையும் அவர்தான் படைச்சாரா?”
ஆமென் சொல்லிட்டுத் தூங்கு என்றேன்.
சைலஸ் போர்வைக்குள் சிரித்தான்.
மூன்று மாதமாக அவன் ஆராதனைக்கு வருவதில்லை;
ஏன் என்று கேட்டால்
கதவு பதில் சொல்லும்.

மே மாதம், வேலை விட்டு வந்த ஒரு மாலை,
ஆறு செடியும் ஒரு சாண் குச்சியாய் நின்றன.
தேவவரம் அரிவாளைக் கழுவிக்கொண்டிருந்தார்.
“அடியில உயிர் இருக்கு” என்றார். அவ்வளவுதான்.
என்னைக் கேட்டுவிட்டு வெட்டியிருக்கலாம்.
அதைச் சொல்லவில்லை நான்.
அதற்குப் பதிலாக
இருபது வருஷத்தைச் சொன்னேன்.

பதினோரு நாள் பேச்சில்லை.
தட்டு பேசியது, கரண்டி பேசியது,
கெசியா தூது போனாள்:
“அப்பாவுக்கு இன்னும் கொஞ்சம் ரசமாம்.”
பகலெல்லாம் குடித்த வெயிலை
மொட்டைப் பாறை மலை
ராத்திரி எங்கள் மேல் திரும்ப ஊதியது.
இரண்டு பேரும் விழித்திருந்தோம்.
இரண்டு பேருக்கும் அது தெரியும்.

முதல் ஞாயிறு, திருவிருந்து.
என் வரிசை எழுந்து போனது.
முழங்காலை ஒதுக்கி வழிவிட்டேன்,
கைப்பையின் ஜிப்பைத் திறந்தேன், மூடினேன்.
எதற்கோ திரும்பினால்
ஆண்கள் பக்கம் தேவவரமும்
எழாமல் உட்கார்ந்திருந்தார்,
மின்விசிறிகளை எண்ண வந்தவர் மாதிரி.
சிரிப்பு வந்தது.
அடக்கினேன், அழுகையாக வந்தது.

அன்று மாலை கழுநீர்ச் சட்டியோடு போனால்
மண் ஏற்கனவே ஈரம்.
குச்சியின் அடியில்
சுண்டுவிரல் நகமளவு பச்சை,
ஊதா நரம்போடு.
யார் ஊற்றியது என்றேன், பொதுவாக, காற்றைப் பார்த்து.
போனிலிருந்து தலை தூக்காமல் சைலஸ் சொன்னான்:
“நான்தான். டெய்லி.
நீங்க ரெண்டு பேரும் சண்டை போட்டா
அது இன்னா பண்ணுச்சு?”

ஆடியில் இரண்டு மழை.
இன்று காலை ஒன்பது காய்.
எண்ணெய்க் குழம்புக்குக் கீறுகிறேன்,
தேவவரம் தேங்காய் துருவுகிறார்.
நெடுக்கே ஒன்று, குறுக்கே ஒன்று,
காம்புக்கு முன்னால் கத்தி நிற்க வேண்டும்.
நான்காகப் பிளந்தும்
காய் உதிர்வதில்லை.
பிடித்துக்கொண்டிருப்பது
அந்த முள் இருக்கும் இடம்தான்.

கத்தியைக் கீழே வைத்தேன்.
கெசியாவைக் கூப்பிட்டேன்.
எதற்கென்று தெரியாமல் வந்து நின்றாள்;
எனக்கும் சொல்லத் தெரியவில்லை,
அந்த விரலைப் பிடித்துப் பார்த்தேன்.

சங்கத்தில் என்ன பேசுவேன்?
புழுவுக்கு இன்னும் பதில் இல்லை.
சைலஸ் இந்த ஞாயிறும் தூங்கத்தான் போகிறான்.
குழம்பைத் தூக்கில் ஊற்றி மூடினேன்.
ஆளுக்குப் பாதி காயாவது வரும்.
காம்பைப் பார்த்துக் கடியுங்கள்
என்று மட்டும் சொல்வேன்.