பொருளாளர் அறிக்கை

தோழர்களே,
கட்டுப்பணம் திரும்பி வராது.
முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்,
மிச்சமெல்லாம் சில்லறை.

பச்சை நிறம் நமக்குக் கிடைக்கவில்லை.
இந்த நாட்டில் பச்சைக்கு ஏற்கெனவே ஆள் இருக்கிறது,
மே தினத்துக்குத் தொப்பியும் பஸ்ஸும்
சோற்றுப் பார்சலும் தருகிற ஆள்.
சின்னமாக மரம் கேட்டோம்.
இஸ்திரிப்பெட்டி தந்தார்கள்.
சிரட்டைக்கரிப் பெட்டி என்று விளக்கலாம், மின்சாரம் வேண்டாமே
என்றார் துமிந்த.
அதற்கு மட்டும் ஒரு கூட்டம்,
டியூசன் வகுப்பு முடிந்த மேல்மாடியில்
இரண்டு மணிநேரம்,
இஞ்சிப் பிளேன்ரீ பதினொன்று.

பொலித்தீன் கூடாது என்று தீர்மானம்.
ஆகவே கோதுமை மா ஆறு கிலோ, ஒரு வாளி,
மண்ணிறத் தாள்.
தெமட்டகொடைப் பாலத்தில் தொடங்கி
இரவு ஒரு மணிவரை
ஸவாஹிரும் நானும் ஒட்டிக்கொண்டே போனோம்.
விடிந்ததும் ஆடுகள் வந்தன.
கொழும்பில் ஆட்டுக்கு யார் கயிறு போடுகிறார்கள்?
வேட்பாளரின் நெற்றியில் வாய்வைத்து
கொள்கை விளக்கம் மூன்றாம் பந்திவரை தின்றன.
எங்கள் சுவரொட்டி மிச்சமில்லாமல் உக்கும் என்றோம்.
சொன்னபடி நடந்தது.

சிரித்து முடித்தால் அடுத்த பக்கம்.

ஞாயிறு, பின்னேரம், கால்வாய்க்கரை.
துமிந்த பேசப் பேச
மெகாபோனில் நான் தமிழாக்கினேன்:
நீர்நாய், செந்நாரை,
வெள்ளத்தைக் குடித்து வைத்திருக்கும் சதுப்பு.
அப்போது நசீஹா எழும்பினாள்,
முழங்கைவரை மீன் செதில்.
"ஒங்கட கொக்கு நடக்கத்தான்
அந்தப் பக்கம் பாதை போட்டாங்க.
எண்ட குசினி ஈந்த எடம் அது.
இப்ப காலையில சப்பாத்துப் போட்ட ஆக்கள் ஓடுறாங்க.
நீங்க கொக்குட பக்கமா, எங்கட பக்கமா?"

என்ன சொல்கிறார், என்றார் துமிந்த.
நடைபாதை பற்றி ஒரு கருத்து, என்றேன்.
நல்லது, என்று குறித்துக்கொண்டார்.

ஒன்பது வருடம் இந்தக் கொப்பி என் கையில்.
ஒரு சதம் தொட்டதில்லை.
அன்று தொட்டேன்.
வரவில் வராமல்
ஒரு பெண்ணின் கேள்வி என் பையில் கிடந்தது,
அதோடுதான் பஸ் ஏறினேன்,
அதோடுதான் பழமும் பாலும் வாங்கினேன்.

நமக்கு விழுந்தது இருநூற்றுப் பதினான்கு.
அதே வட்டாரத்தில்
நிராகரிக்கப்பட்ட வாக்குகள் முந்நூற்றுத் தொண்ணூற்றொன்று.
செல்லாதவற்றிடமும் தோற்றோம்.

எண்ணி முடித்த இரவு மழை.
காலையில் போனேன். ஏன் போனேன் என்று கேட்காதீர்கள்,
போக்குவரத்துச் செலவில் அது இல்லை.
கால்வாய் அவள் வாசலைத் தாண்டி
கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றது.
எலக்சன் இன்னம் முடியல்லியா, என்றாள்,
சோற்றுப் பானையால் தண்ணீரை அள்ளி எறிந்தபடி.
நான் பதில் ஒன்று தயாரித்துக்கொண்டு போயிருந்தேன்,
சதுப்பை நிரப்பியவன் யார் என்பதில் தொடங்கும்.
சொல்லவில்லை.
ஸவாஹிர் வீட்டுக்கு ஓடினேன்.

துமிந்த, நீங்கள் இங்கே இருக்கிறீர்கள்.
அவள் கேட்டதை இப்போது சிங்களத்தில் சொல்லப்போகிறேன்,
ஒரு சொல்லும் குறைக்காமல்.
பிறகு கணக்கை ஏற்பதா இல்லையா
என்று கையை உயர்த்துங்கள்.

சொத்து:
மெகாபோன் ஒன்று, பற்றரி இல்லை.
தூரிகை இரண்டு.
வாளி இந்தப் பட்டியலில் இல்லை.
அதன் விளிம்பில் இன்னும் பசை காய்ந்திருக்கும்.
அதை நான் திருப்பிக் கேட்கப்போவதில்லை.