மாவுச் சமன்

போட்டதும் உதறியது புதுச் சக்கரம்,
மேசையோடு சேர்ந்து சுவர்க் காலண்டரும்.
ரப்பர் கத்தி தீட்ட
பிளைவுட்டில் நானே வெட்டியது.

இரண்டு ஆக்சா பிளேடுகளை நிமிர்த்தி
அச்சோடு மேலே வைத்தேன்.
கனத்த பக்கம் கீழே வரும் என்று கணக்கு.
சக்கரமோ உருண்டது
நேரே கேரளாவைப் பார்த்து.
பளுகலில் எங்கள் தரையே மேற்கே சாய்வு.

ரசலையனுக்கு விழாத லாட்டரிச் சீட்டுகள்
பதினொன்றை மடித்து
மேசைக்கால் அடியில் செருகியபின்
டம்ளர்த் தண்ணீர்
விளிம்போடு ஒத்துப்போனது.

இப்போது ஆடி, ஆடி, நின்றது.
கீழே ஒரு சாக்பீஸ் கோடு.
சுற்றிவிட்டால் மறுபடி
அதே கோடு கீழே.
எதிர்ப்பக்கம் சப்பாத்தி மாவு மிளகளவு,
கொஞ்சம் கிள்ளி, கொஞ்சம் ஒட்டி,
விட்ட இடத்தில் விட்டபடி
நிற்கும்வரை.

காலையில் மாவு இல்லை.
எறும்புகள் வரிசையாய்
என் சமனைத் தூக்கிக்கொண்டு
சுவரேறிக்கொண்டிருந்தன.

பழைய டார்ச்சில் கழற்றிய ஸ்க்ரூ ஒன்றை
அந்த இடத்தில் முறுக்கினேன்.

மறுநாள் விடியற்காலை மூன்று மணி.
நெற்றி விளக்கோடு வெட்டுக்காரர்கள்.
சுவிட்சைப் போட்டேன்.
காலண்டர் அசையவில்லை.

"ஓடுதா இது?" என்றார் வில்பிரட்,
கத்தியை நீட்டாமல்.