பெப்ரவரியில் பார்த்த வீடு

ரோட்டிலிருந்து பார்த்தால் ஒரு மாடி.
பின்பக்கம் இறங்கினால் இரண்டு.
டிக்கோயாவில் பாதி வீடுகள் இப்படித்தான்:
மலையைக் கொஞ்சம் வெட்டி
வெட்டிய பள்ளத்தில் ஓர் அறையைச் செருகி
மேலே குடும்பம், கீழே விறகு.

நாங்கள் பார்க்கப் போனது பெப்ரவரி.
வெயில் துடைத்து வைத்ததுபோல் இருந்தது.
கீழறையில் புதுப் பெயின்ட், இளம்பச்சை.
மலைப்பக்கச் சுவரை ஒட்டி ஓர் அலுமாரி.
"கனமான சாமான், வீட்டோடயே குடுத்துர்றோம்"
என்றார் அமலதாஸ்.
தாராள மனசு என்று நினைத்தேன்.

ஏன் விற்கிறீங்க?
"சின்னவளுக்கு மூச்சு. குளிர் ஒத்துக்கல.
வத்தளைக்குப் போறோம்."
குளிர் என்றுதான் சொன்னார்.
பதினாறு வருஷம் வார்டில் நிற்பவள் நான்,
அந்த ஒரு சொல்லைக்
கிள்ளிப் பார்க்கவில்லை.

நொத்தாரிசு உறுதியை வாசித்தார்.
ஏழரை பேர்ச். கிழக்கே வீதி,
தெற்கே பெரியண்ணன் காணி, வடக்கே ஓடை,
மேற்கே மலை.
மலை எங்கே முடிகிறது என்று
எந்தப் பக்கத்திலும் இல்லை.
கண்டு திருப்தியுற்று, உள்ளபடியே, என்ற இடத்தில்
கையெழுத்துப் போட்டேன்.

ஜூனில் பதினொரு நாள் விடாத மழை.
முதலில் வாசனைதான் வந்தது,
ஈரச் சாக்கை மடித்து வைத்து மறந்ததுபோல்.
பிறகு பச்சைக்கு மேல் கறுப்பு,
தாளிக்கும்போது தெறித்த கடுகாக.
அலுமாரியை இழுத்தோம்.
அதன் முதுகு முழுக்க மயிர் முளைத்திருந்தது.
பூஞ்சணம்.
அந்த வாரம் மகனுக்கு
ஒரே இரவில் மூன்று தரம் பம்ப் வைத்தேன்.

பாஸ் சவரிமுத்து வந்தார்.
விரல்முட்டியால் சுவரைத் தட்டி,
டொக்டர் நெஞ்சைத் தட்டுவதுபோல்,
காதை வைத்துக் கேட்டார்.
"பின்னால கான் வெட்டணும் மிஸ்ஸி.
மலைத்தண்ணி நேரா இங்கதான் எறங்குது.
பெயின்ட் மருந்தில்ல."
எப்படி இவ்வளவு உறுதியாச் சொல்றீங்க?
"இந்தப் பச்சை நான் கலக்கினது.
ஜனவரியில. ரெண்டு கோட்."

அப்போது ஞாபகம் வந்தது:
நாங்கள் பார்க்க வந்த அன்று
குழாயடியில் குந்தி பிரஷ் கழுவிய ஆள்.
ஒரு தடவை நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.
நான் ஜன்னல் திரைச்சீலைக்கு
அளவு யோசித்துக்கொண்டிருந்தேன்.
"கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்" என்றார்,
சுவரைப் பார்த்தபடி.

நொத்தாரிசு கண்ணாடியைக் கழற்றினார்.
உள்ளபடியே என்று எழுதினாலும்
தெரிந்து மறைத்தால் அவர் பொறுப்புத்தான்.
தெரிந்திருந்தது என்று காட்ட வேண்டியவள் நான்.
சாட்சி உண்டா?
சவரிமுத்து தலையைச் சொறிந்தார்.
"வத்தளை வீட்டுக்கும் நான்தான் பெயின்ட் அடிக்கணும் மிஸ்ஸி."

கான் வெட்டினோம். எண்பதாயிரம்.
சங்கிலி அடகுக் கடையில் இருக்கிறது.
முக்கால்வாசிச் சுவர் காய்ந்தது.
மிச்சத்தில் பென்சிலால் கோடு போட்டேன்,
ஈரம் எட்டிய உயரம், தேதியோடு,
பிள்ளைகள் வளர்வதைக் குறிப்பதுபோல்.

திரும்பவும் பெப்ரவரி.
மஸ்கெலியாவிலிருந்து ஒரு பிள்ளை,
கிருபாஷினி, பேங்கில் பயிற்சி,
கீழறையை வாடகைக்குக் கேட்டு வந்தாள்.
முந்தின இரவே லோகேஸ்
அலுமாரியைப் பழைய இடத்துக்குத் தள்ளியிருந்தார்.
"இப்ப காஞ்சுதானே கெடக்கு,
கேட்டா சொல்லுவோம்."
அவர் கெட்டவர் இல்லை.
அடகுச் சீட்டை எண்ணுகிறவர்.

அவள் கேட்கவில்லை.
ஜன்னலைத் திறந்தாள், மூடினாள்.
நல்ல வெளிச்சம் அக்கா என்றாள்.
திரைச்சீலைக் கம்பியைக்
கண்ணாலேயே அளந்தாள்.

தங்கச்சி, இந்த அலுமாரி கனம்,
அந்தப் பக்கம் கொஞ்சம் புடி, என்றேன்.

இழுத்தோம். கோடுகளைப் பார்த்தாள்.
ஜூன், ஜூலை, ஓகஸ்ட் என்று
வாய்க்குள் வாசித்தாள்.
மேலே லோகேஸின் நடை நின்றது.

கையைத் தாவணியில் துடைத்துக்கொண்டு,
பேங்க்காரி அல்லவா,
"அந்த மூணு மாசத்துக்கு
எவ்வளவு கொறைப்பீங்க?" என்றாள்.