பேச முடியாத அளவுக்கு

மருத்துவர் சொன்னது ஒரே வாக்கியம்:
"வாரத்துக்கு மூன்று நாள்
பேச முடியாத அளவுக்கு மூச்சு வாங்குங்கள்."
வாயை மூடு என்று
இத்தனை மரியாதையாக
யாரும் என்னிடம் சொன்னதில்லை.

வயது ஐம்பத்துமூன்று.
நோட்டரி அலுவலகத்தில் முப்பது வருடம்.
பிறர் வீட்டை விற்ற முத்திரை,
பிறர் சொத்தைப் பிரித்த முத்திரை.
வலது மணிக்கட்டு மட்டும்
உடற்பயிற்சி செய்திருந்தது.

வால்பரைசோவில் சமதரை என்பது
துறைமுகத்தை ஒட்டி ஒரு விரற்கடை.
மிச்சமெல்லாம் குன்று,
குன்றின் முதுகில் தகர வீடுகள்,
மஞ்சள், நீலம், துரு.
எங்கள் தெருவின் இழுவைப் பெட்டியைப்
பழுது பார்க்கவென்று மூடி நான்கு வருடம்.
"விரைவில்" என்ற பலகைக்கு மட்டும்
இருமுறை புது வண்ணம் அடித்தார்கள்.

ஆக, படி.
நூற்று அறுபத்தொன்று.

மூன்று பேர் சேர்ந்தோம்.
நிபால்தோ, பேருந்து ஓட்டுநன்,
உட்கார்ந்தபடியே உலகை
நான்கைந்து முறை சுற்றிய தூரம் போனவன்.
எதுவினா, மீன் சந்தையில் விலாங்கு அறுப்பவள்,
காலுறைக்குள் எப்போதும் ஒரு செதில்.
முட்டை வேகவைக்கும் கடிகாரம் அவளுடையது.
ஒரு நிமிடம் உயிரைக் கையில் பிடித்து ஏறு.
இரண்டு நிமிடம் உலாவி இறங்கு.
மறுபடி.
ஆறு தடவை.

முதல் செவ்வாய், நாற்பதாவது படி:
நெஞ்சுக்குள் யாரோ
மர அலமாரியை இடம் மாற்றினார்கள்.
நாக்கில் பழைய நாணயத்தின் ருசி.
படியில் படுத்திருந்த தெருநாய்
தலை தூக்கிப் பார்த்து,
அவசரமில்லை என்று கண்டு,
கொட்டாவி விட்டது.

"நாள் முழுக்க இரண்டாம் கியரில் ஓடும் எஞ்சின்
கரி பிடித்துப் போகும்" என்றான் நிபால்தோ,
பேச முடிந்த இடைவேளையில்.
"எப்போதாவது நெடுஞ்சாலையில்
அவிழ்த்துவிட வேண்டும்."
எதுவினா கடிகாரத்தைத் திருகினாள்.
அதற்குமேல் தத்துவத்துக்கு நேரமில்லை.

மே மாதம்
மேல்மாடிக் கோப்பை நானே எடுத்துவந்தேன்,
வந்த பிறகே அது தெரிந்தது.
ஜூலையில், ஜன்னலை மழை உதைத்த இரவு,
விடியும்வரை ஒரே உறக்கம்.
ரத்தச் சர்க்கரைத் தாளைப் பார்த்த மருத்துவர்
இன்னொருவர் தாளோ என்று
பெயரைச் சரிபார்த்தார்.
முழங்கால் மட்டும் ஒத்துழைக்கவில்லை;
இறங்கும்போதெல்லாம் முணுமுணுக்கும்.
முணுமுணுக்கட்டும். தொழிற்சங்கம் நல்லதுதான்.

செப்டம்பர், பின்னிரவு மூன்று மணி.
கட்டில் தானாக நடந்தது.
அலமாரிக் கோப்பைகள் ஒன்றையொன்று அறைந்தன.
பிறகு கைபேசிகள் அனைத்தும்
ஒரே குரலில் அலறின:
கடற்கரையை விட்டு மேட்டுக்குப் போங்கள்.

தெருவே படியில் இருந்தது.
கீழ்வீட்டு ஓரோசிம்போ, எழுபத்தைந்து வயது,
கேனரி இல்லாமல் வரமாட்டேன் என்றார்.
ஒரு கையில் கூடு,
மறுகையில் அவர் முழங்கை,
நடுவில் நான்.
நிபால்தோவின் தோளில் யாரோ ஒருவரின் குழந்தை,
யாருடையது என்று விடிந்தபிறகுதான் கேட்டான்.
எதுவினா முதலில் மேலே போய்,
பாதிப் படியில் சிக்கிய சக்கர நாற்காலிக்காக
திரும்பி இறங்கி,
மீண்டும் ஏறினாள்.

உச்சியில் ஐந்நூறு பேர், போர்வை, இருமல்.
கீழே விளக்கணைந்த துறைமுகம்.
கடல் ஒரு முழம் ஏறியது,
யோசித்தது,
இறங்கியது.

"இப்போது எப்படி இருக்கிறது?" என்றார் ஓரோசிம்போ,
கேனரியிடமா என்னிடமா தெரியவில்லை.
"நன்றாக இருக்கிறேன்" என்றேன்,
முழு வாக்கியம்,
நடுவில் மூச்சு முறியாமல்,
பிறகு அவருக்குக் கம்பளி எங்கே கிடைக்கும்,
காப்பி யார் வைத்திருக்கிறார்கள் என்று
சொல்லிக்கொண்டே போனேன்.

அப்போதுதான் உறைத்தது:
பேச முடிகிறது.
மருத்துவரின் விதிப்படி
இது கணக்கில் சேராது.

செவ்வாய்க்கிழமை மறுபடி கீழ்ப்படியில் நின்றோம்.
சுவரில் புதிதாய் ஒரு விரிசல்.
நாய் அதே இடத்தில்.
எதுவினா கடிகாரத்தைத் திருகினாள்.