பதினொரு மாத ஆண்டு

விளம்பரத்தில் சமையலறை மட்டும்தான் இருந்தது,
வெள்ளையாய், ஒரு கிண்ணம் எலுமிச்சையோடு.
எலுமிச்சைக்கு யாரும் வாடகை தருவதில்லை.
ஈரி ஏரியைத் தாண்டி வந்த காற்று
இடுப்பளவு பனியை வாசலில் கொட்டிய பிறகுதான்
எனக்கு அது உறைத்தது.

இப்போது யாராவது கேட்டால்
முதலில் நிலவறைக்கு இறங்கு என்கிறேன்,
அதுவும் மழை பெய்த மறுநாள்.
சுவரைத் தொடு. மூக்கை நம்பு.
உலையின் விலாவில் ஒரு தகடு இருக்கும்,
பிறந்த ஆண்டு பொறித்திருக்கும்.
என்னுடையது என் மகனைவிட மூத்தது.
"இன்னும் ஓடுது பாருங்க" என்றார் விற்றவர்.
ஓடியது,
சாவி கைமாறிப் பதினொரு வாரம்.

கணக்கு:
மேல்மாடி தொள்ளாயிரம் டாலர்,
கீழ்வீடு ஆயிரத்து ஐம்பது.
பன்னிரண்டால் பெருக்கிவிட்டு
அன்றிரவு சந்தோஷத்தில் தூங்கவில்லை.
வாடகைக்கு விட்டவளுக்கு
ஆண்டுக்குப் பதினொரு மாதம்,
சில ஆண்டுகளில் பத்து.
வரி, காப்பீடு, வங்கி, பனி அள்ளுகிறவன்,
கூரைக் குழாயை அடைத்த மேப்பிள் இலை,
எல்லாரும் உனக்கு முன்னே இலை போட்டு உட்கார்வார்கள்.
நீ கடைசிப் பந்தி.
சோறு மிஞ்சினால் அதற்குப் பெயர் லாபம்.

மிஞ்சாத நாளுக்கென்று ஒதுக்கிய நாலாயிரத்தில்
நான் கிரானைட் மேடை போட்டேன்.

பிப்ரவரி, இரவு இரண்டு மணி.
கீழ்வீட்டுக் கர்ணமாயா குருங் அழைத்தாள்:
"வீட்டுக்குள்ள மூச்சு தெரியுது."
புகார் மாதிரி இல்லை,
வானிலை அறிக்கை மாதிரி சொன்னாள்.
போய்ப் பார்த்தால், நாலு பேரும் கோட்டு மாட்டிக்கொண்டு
அந்த மேடையைச் சுற்றி நிற்கிறார்கள்.
அவ்வளவு குளிர்ந்த கல்லை
நான் அதுவரை தொட்டதில்லை.
புது உலையைக் கடன் அட்டை வாங்கித் தந்தது.
அட்டைக்கு இன்றும் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

வேறு என்ன?
முன்பணம் உன் பணம் அல்ல.
தனிக் கணக்கில் போடு.
பக்கத்து வீட்டுக் குழந்தை
உன் மடியில் தூங்கிப்போனது போல வைத்திரு.
குடிவரும் நாளில் ஒவ்வொரு சுவரையும் படமெடு,
அவர்களையும் கூட நிற்கவைத்து.
உன் வீடுதான். ஆனாலும் கதவைத் தட்டு,
முந்தின நாளே சொல்லிவிட்டுத் தட்டு.

மேல்மாடி ருடிக் அருமையான கதைசொல்லி.
டிரக் பழுது, சம்பளம் தாமதம், தங்கைக்கு ஆபரேஷன்.
மூன்று மாதம் உட்கார்ந்து கேட்டேன்.
எல்லாம் நிஜமாகவே இருந்திருக்கலாம்.
வங்கி என்னிடம் கதை கேட்கவில்லை.
ஐந்தாம் தேதி கெடு என்றால் ஆறாம் தேதி கடிதம்,
கோபமில்லாமல், யாராக இருந்தாலும் அதே கடிதம்.
போகும்போது ஒரு தூண்டிலை விட்டுப் போனார்.
அதை எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும் என்று
சட்டத்தில் தேடினேன்.
அதை நீ முன்னாலேயே தேடி வை.

கர்ணமாயாவுக்கு முப்பது டாலர் ஏற்றினேன்.
அறுபது ஏற்றியிருக்கலாம் என்றான் என் மகன்.
அவனும் பன்னிரண்டால்தான் பெருக்குகிறான்.
நேரத்துக்குத் தந்து, குழாய் ஒழுகினால் உடனே சொல்லி,
கதவை மெதுவாகச் சாத்துகிற ஒருத்தியை
முப்பது டாலருக்காக இழக்கிறவன்
கிரானைட் போடுகிறவனைவிட முட்டாள்.

ஆகஸ்டில் அவளே மேலேறி வந்தாள்,
பிளாஸ்டிக் ஆலைச் சட்டையைக்கூட மாற்றாமல்.
"வீடு பார்த்திருக்கோம். ரெண்டு தெரு தள்ளி.
மேல்மாடியை வாடகைக்கு விடலாம்னு."
போனில் ஒரு படத்தை நீட்டினாள்.
சமையலறையாக இருக்கும் என்று நினைத்தேன்.
உலையின் தகடு.
டார்ச் வெளிச்சத்தில் எண்கள் பளிச்சென்று.
"ஆறு வயசுதான்" என்றாள்.

வாழ்த்துச் சொன்னேன், மனதாரத்தான்.
சொல்லும்போதே உள்ளுக்குள் செப்டம்பரை
அடித்துக்கொண்டிருந்தேன்,
பன்னிரண்டிலிருந்து.